முரண்படும் வசனங்களைக் குறியீட்டு வழியில் வாசித்தல்: விவிலியத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ உள்ள ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் புனித வார வழிபாடுகளை முதன்முறையாக முழுமையாகக் கேட்கும் ஒருவர், காதைக் கூர்மையாக வைத்திருந்தால், அந்த வாரம் முடிவதற்குள்ளேயே ஒரு சிக்கலைச் சந்திப்பார். குருத்து ஞாயிறன்று மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகியோருள் ஒருவர் எழுதிய பாடுகளின் வரலாறு, அதாவது இயேசு துன்பப்பட்டு இறந்த வரலாறு, வாசிக்கப்படுகிறது; அதில் இயேசு தம் சீடரோடு உண்ட கடைசி இரவுணவு, எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா விழாவின் உணவாகவே வருகிறது. பெரிய வெள்ளியன்று வாசிக்கப்படுவது யோவான் எழுதியது. அதில், மறுநாள் காலையில் இயேசுவை உரோமை ஆளுநர் பிலாத்துவிடம் கொண்டுவந்தவர்கள், தீட்டுப்பட்டால் பாஸ்கா உணவை உண்ண முடியாமல் போகும் என்று அஞ்சி ஆளுநர் மாளிகைக்குள் நுழையாமல் வெளியே நிற்கிறார்கள். முதல் வாசகத்தின்படி முந்தின இரவே உண்டு முடித்த பாஸ்கா, இரண்டாம் வாசகத்தில் இன்னும் தொடங்கவே இல்லை.

இதைப் பற்றிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். விசுவாசத்தோடு வாசித்தால் இப்படிப்பட்ட கேள்வி எழாது என்பது ஒன்று. இதிலிருந்தே முழுவதும் கட்டுக்கதை என்று தெரிகிறதே என்பது மற்றொன்று. இரண்டுமே வாசிப்பை அந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன என்பதால் எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாக வேறொரு வழியும் இருந்து வருகிறது. இரண்டு வசனங்கள் மோதும் இடத்தில், எழுதியவர் நிகழ்ச்சியைத் தாண்டி எதைச் சுட்டுகிறார் என்று கேட்கும் குறியீட்டு வாசிப்புதான் அது. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்பவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், நம்பிக்கை எதுவானாலும் நூலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஆகிய அனைவரும் இதைப் பழகலாம். அதற்கான படிகளை ஒருவர் தனியாகத் தொடங்கக்கூடிய வரிசையில் கீழே தருகிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

தமிழில் இரண்டு விவிலியங்கள் தேவை. ஒன்று, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம்; கத்தோலிக்க ஆலயங்களில் கேட்பது இதுதான். மற்றொன்று, சீர்திருத்தச் சபையார் பயன்படுத்தும் பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டப் பங்குகளும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடமும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால், இரண்டையும் இரவல் பெறுவது இங்கே கடினமன்று. நூல்களின் பெயர்கள் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தொடக்க நூல்தான் ஆதியாகமம், விடுதலைப் பயணம்தான் யாத்திராகமம், குறிப்பேடுதான் நாளாகமம், திருத்தூதர் பணிகள்தான் அப்போஸ்தலர் நடபடிகள். இக்கட்டுரையில் முதல் வகைப் பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

இவற்றோடு எழுதுவதற்கு ஒரு வெற்றுக் குறிப்பேடு போதும். ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, மோதும் இரண்டு பகுதிகளை இருபுறமும் எழுதுங்கள். ஒற்றை வசனத்தை எழுதாமல், அது வரும் அதிகாரம் முழுவதையும் வாசித்து, யார், எங்கே, எப்போது, யாரிடம் என்பதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். இதைச் செய்யும்போதே பாதி முரண்கள் வெறும் தோற்றம் என்று தெரிந்துவிடும். மீதிப் பாதி முன்பைவிடக் கடுமையாகத் தெரியும், அதுவும் நல்லதுதான்.

எல்லா முரணுக்கும் உட்பொருள் தேடக் கூடாது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். குறியீட்டு வாசிப்பின் சுவை ஒருமுறை நாவில் பட்டுவிட்டால் எண், பெயர், ஊர் என எதைக் கண்டாலும் அதற்குள் ஓர் இரகசியம் இருப்பதாகத் தோன்றத் தொடங்கும். எனவே எந்த முரண் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரிப்பதே முதல் வேலை.

சில முரண்கள் ஏடு பெயர்த்து எழுதியவர்களின் கைப்பிழைகள். அகசியா அரசன் ஆளத் தொடங்கியபோது அவனுக்கு 22 வயது என்கிறது 2 அரசர்கள் 8:26. எபிரேய மூலத்தில் 2 குறிப்பேடு 22:2 அதையே 42 என்கிறது. அவன் தந்தை யோராம் 32 வயதில் அரசனாகி எட்டு ஆண்டுகள் ஆண்டு இறந்தவன்; அதாவது 40 வயதில் இறந்தவன். 42ஐ அப்படியே ஏற்றால் மகன் தந்தையைவிட இரண்டு வயது மூத்தவனாகிறான். இந்த 42க்குள் ஆன்மிகப் பொருள் தேடுவது வீண் வேலை. ஆயரும் இறையியலாளருமான புனித அகுஸ்தினார், விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதற்குத் தெளிவான வழி சொல்கிறார்: மறைநூலில் உண்மைக்கு மாறாகத் தோன்றும் ஒன்றைக் கண்டால், படியில் பிழை இருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது எனக்கு விளங்காமல் இருக்கலாம் என்று எண்ணுவேன் என்கிறார். குறியீட்டு வாசிப்பில் தேர்ந்த ஒருவரே படியெடுத்ததில் வந்த பிழையை முதலில் நிறுத்துகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறு சில முரண்கள் காலப்போக்கில் எண்ணம் வளர்ந்ததால் வந்தவை. பெற்றோர் செய்த தீமைக்காகப் பிள்ளைகளை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பதாக விடுதலைப் பயணம் 20:5 சொல்கிறது; மகன் தந்தையின் பாவத்தைச் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் 18:20 அடித்துச் சொல்கிறது. எசேக்கியேல், நாடு கடத்தப்பட்டுப் பாபிலோனில் வாழ்ந்த மக்களிடம் பேசியவர். எல்லாம் முன்னோர் செய்த வினை என்று கையை விரித்துவிட்டவர்களை எழுப்ப அவர் முன்னைய சொல்லோடு வாதாடுகிறார். இங்கே வரலாற்றுச் சூழலை அறிவதே விடை.

இன்னும் சில, முரணாக இருக்க வேண்டும் என்றே எழுதப்பட்டவை. நீதிமொழிகள் 26:4, மூடனுக்கு அவன் மடமைக்கு ஏற்ப மறுமொழி சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே சொல் என்கிறது. தொகுத்தவர் தூங்கிவிடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எந்த இடத்துக்கு எது என்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பை வாசகரிடம் விட்டிருக்கிறார்.

இம்மூன்றும் போக எஞ்சுபவைதான் நமக்கு உரியவை: ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஆசிரியர்கள் வேறு நாளில், வேறு இடத்தில், வேறு வரிசையில் வைத்துச் சொல்லும் இடங்கள், இறைவனைப் பற்றி மனித உருவில் பேசும் இடங்கள், சொல்லளவில் எடுத்தால் நடக்கவே முடியாத இடங்கள். மூன்றாம் நூற்றாண்டு விவிலிய அறிஞர் ஓரிஜன் இவற்றை வழியில் வைக்கப்பட்ட இடறுகற்கள் என்றே கருதினார். கால் இடறுகிறவர் நின்று ஆழமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தூய ஆவியே இவற்றை வைத்தார் என்பது அவர் எண்ணம். சாத்தான் இயேசுவை உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய் உலகின் அரசுகள் அனைத்தையும் காட்டினான் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, பாரசீகர், சித்தியர், இந்தியர் ஆகியோரின் நாடுகளை ஒரு மலையிலிருந்து ஊனக்கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்கிறார். நம் நாட்டின் பெயர் இந்த விவாதத்தில் அத்தனை பழைய காலத்திலேயே வந்துவிட்டது என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகக் கலந்து முரண் இல்லாத ஒரே கதையாக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தத்தியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அப்படி ஒரு நூலைத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுங்காலம் வழிபாட்டிலும் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் சீருஸ் நகர ஆயர் தியோடொரெட், தம் பகுதியில் அதன் 200க்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு தனி நற்செய்திகளை அவற்றின் இடத்தில் வைத்ததாக எழுதியிருக்கிறார். முரண் இல்லாத ஒன்று கையில் இருந்தும், முரணுள்ள நான்கையே திருச்சபை வைத்துக்கொண்டது.

சொற்பொருளில் காலூன்றுதல்

உட்பொருளுக்குப் போகும் முன், வெளிப்பொருள் உங்களுக்கு ஐயமின்றி விளங்கியிருக்க வேண்டும். இறையியலாளர் அக்குவினா தோமா 13ஆம் நூற்றாண்டில் இதை விதியாகவே வைத்தார்: ஆன்மிகப் பொருள் எதுவும் சொற்பொருளின்மீதே நிற்க வேண்டும், வாதத்துக்கு ஆதாரம் காட்டும்போது சொற்பொருளை மட்டுமே காட்டலாம்.

தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று. மருதத்திணைத் தலைவி தன் கணவனை, கரும்புக்கென அமைத்த பாத்தியில் தழைத்த தாமரை வண்டின் பசியைத் தீர்க்கும் ஊரனே என்று விளிக்கும்போது, தனக்கு உரிய இடத்தில் வேறு பெண்களும் இடம்பெற்றுவிட்டதைக் குறிப்பால் சொல்லிவிடுகிறாள். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு வயலைப் பார்த்தவருக்குப் பாத்தி எது, அதில் தாமரை வருவது எதைக் காட்டும் என்று உடனே புரியும்; பாத்தி புரியாவிட்டால் தலைவியின் குத்தலும் புரியாது. இப்படி உள்ளே மறைத்துச் சொல்லும் உள்ளுறை அந்த நிலத்தின் கருப்பொருளில்தான் கால்கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் விதித்தது இதனால்தான். கருப்பொருள்களில் தெய்வத்தை மட்டும் விலக்கச் சொன்னவருடைய விதியைத் தெய்வத்தைப் பற்றிய நூலுக்கு நான் எடுத்துவருவது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனாலும் இந்த வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுப்பாட்டை நம் மொழியில் நான் கண்டதில்லை.

விவிலியத்தைப் பொறுத்தவரை அந்த நிலம் விவிலியமே. ஒரு பொருள் எதைக் குறிக்கிறது என்பதற்கான சான்று, அதே நூலிலோ அந்த ஆசிரியர் அறிந்திருந்த முந்தைய நூல்களிலோ இருக்க வேண்டும். நமக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு அதைக் குறியீடு என்று அழைக்க முடியாது.

முழுமையாகச் செய்து பார்க்க: பாஸ்காவின் நாள்

தொடக்கத்தில் சொன்ன சிக்கலையே எடுத்துக்கொள்வோம். குறிப்பேட்டின் இடப்பக்கம் மாற்கு 14:12 முதல் 15:37 வரை. வலப்பக்கம் யோவான் 18:28 முதல் 19:37 வரை.

மாற்குவில், பாஸ்கா ஆட்டைப் பலியிடும் நாளில் சீடர்கள் எங்கே உணவு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அன்று மாலையே உண்கிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மூலத்தின்படி விடியலிலிருந்து எண்ணி மூன்றாம் மணி வேளையில், இயேசு சிலுவையில் அறையப்படுகிறார். யோவானில் அவர் தீர்ப்புக்கு நிற்பது பாஸ்காவுக்கு ஆயத்த நாளில்; நேரம் ஏறக்குறைய நண்பகல். ஆகவே நாளும் மோதுகிறது, மணியும் மோதுகிறது. அக்காலத்தில் இரண்டு நாள்காட்டிகள் வழக்கில் இருந்தன, இயேசு ஒன்றையும் கோயில் குருக்கள் மற்றொன்றையும் பின்பற்றினர் என்று 1957இல் ஆனி ஜோபேர் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அது கவனத்துக்குரிய முயற்சி. ஆனால் யோவான் ஏன் இந்த நாளை இத்தனை முறை அழுத்திச் சொல்கிறார் என்ற கேள்வி அப்போதும் எஞ்சி நிற்கிறது.

இப்போது வலப்பக்கத்தில் உள்ள, இடப்பக்கத்தில் இல்லாத சிறு செய்திகளை அடிக்கோடிடுங்கள். மாற்குவில் கடற்பஞ்சை ஒரு கோலில் மாட்டி இயேசுவுக்குப் புளித்த திராட்சை இரசம் கொடுக்கிறார்கள்; யோவானில் அது ஈசோப்புத் தண்டு. ஈசோப்பு மெல்லிய சிறு செடி. ஈரம் குடித்த பஞ்சைத் தூக்கிப் பிடிக்க அது ஏற்றதன்று. நடைமுறைக்குப் பொருந்தாத ஒரு பொருளை ஆசிரியர் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடத்தில் நின்றுவிட வேண்டும். விடுதலைப் பயணம் 12ஐத் திறந்தால், எகிப்தில் பாஸ்கா ஆட்டின் இரத்தத்தை வாயில் நிலையில் பூச ஈசோப்புக் கொத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருப்பது 22ஆம் வசனத்தில் தெரியும். அடுத்து, யோவானில் மட்டும் படைவீரர்கள் மற்ற இருவரின் கால்களை முறித்துவிட்டு இயேசுவின் கால்களை முறிக்காமல் விடுகிறார்கள். எலும்பு எதுவும் முறிபடாது என்ற மறைநூல் வாக்கு நிறைவேறியதாக ஆசிரியரே சொல்கிறார். அதே 12ஆம் அதிகாரத்தின் 46ஆம் வசனம், பாஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்கிறது. மூன்றாவதாக, யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்துக்குத் திரும்புங்கள். அங்கே திருமுழுக்கு யோவான் (நற்செய்தியை எழுதியவர் அல்லர்) இயேசுவைக் கண்டதும் சொல்வது, இதோ கடவுளின் ஆட்டுக்குட்டி என்பதே.

ஆயத்த நாளின் பிற்பகலில்தான் கோயிலில் பாஸ்கா ஆடுகள் வெட்டப்பட்டன. யோவான் காட்டும் வரிசையில், அந்த ஆடுகள் வெட்டப்படும் பொழுதில் இயேசு இறக்கிறார். நாள், மணி, ஈசோப்பு, முறியாத எலும்பு ஆகிய நான்கும் ஒரே திசையில் நிற்கின்றன. சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

இதை வைத்துக்கொண்டு மாற்குவிடம் திரும்பும்போது அவர் சொல்வதும் தெளிவாகிறது. அவருடைய காட்சியில் இயேசு பாஸ்கா விருந்தை நடத்துபவர். அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துத் தம் உடல், தம் இரத்தம் என்று கொடுப்பவர். ஒருவர் அவரை விருந்தளிப்பவராகக் காட்டுகிறார், மற்றவர் விருந்தின் பலிப்பொருளாகக் காட்டுகிறார். இந்த இரண்டையும் ஒரே நாளில் ஒரே கதையாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒருவரைப் பற்றிய ஒரே நம்பிக்கையின் இரு முகங்களாக இருக்க முடியும். நற்செய்திகள் எழுதப்படுவதற்கு முன்பே, ஏறத்தாழ 55ஆம் ஆண்டில், நம் பாஸ்கா ஆடாகிய கிறிஸ்து பலியிடப்பட்டார் என்று திருத்தூதர் பவுல் 1 கொரிந்தியர் 5:7இல் எழுதிவிட்டார். அதே கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் கடைசி இரவுணவையும் சொல்லிவிட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இயேசு வரலாற்றில் எந்தத் தேதியில் இறந்தார் என்ற கேள்விக்கு இந்த வாசிப்பு விடை தரவில்லை; தருவதாகச் சொல்பவர் மிகையாகச் சொல்கிறார். யோவான் எதை அறிவிக்க அந்த நாளைத் தேர்ந்தார் என்பதற்குத்தான் விடை கிடைத்திருக்கிறது.

இறைவனின் முகமும் முதுகும்

இரண்டாவது பயிற்சிக்கு விடுதலைப் பயணம் 33ஆம் அதிகாரம். 11ஆம் வசனத்தில் ஆண்டவர், மக்களை எகிப்திலிருந்து வழிநடத்திய மோசேயிடம் நண்பனோடு பேசுவது போல முகமுகமாய்ப் பேசுகிறார். 20ஆம் வசனத்தில், என் முகத்தைக் கண்டு எந்த மனிதனும் உயிரோடு இருக்க முடியாது என்கிறார். அதிகாரத்தின் முடிவில் தம் முதுகை மட்டும் காணலாம் என்கிறார். பதின்மூன்று வசனங்களுக்குள் இப்படி.

முகம், முதுகு என்பவற்றை உறுப்புகளாக எடுத்தால் முரண் மட்டுமன்றி நூலின் வேறு பகுதிகளோடும் மோதல் வரும். நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி மோசேயின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. வழிகாட்டியின் பின்னால் நடப்பவன் காண்பது அவருடைய முதுகைத்தான். எதிரே முகம் பார்த்து நிற்பவன் அவர் போகும் திசைக்கு எதிர்த்திசையில் நிற்கிறான். ஆகவே இறைவனைக் காண்பது என்றால் அவரைப் பின்தொடர்வது. காண முடியாது என்ற வசனமும் கண்டான் என்ற வசனமும் இந்த விளக்கத்தில் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கின்றன. இதன் வலிமையைச் சோதிக்க, அந்த அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். அங்கே மக்களுக்கும் மோசேக்கும் இருந்த கவலையே, இனி இறைவன் நம்மோடு கூட நடந்து வருவாரா என்பதுதான். கிரகோரியின் விளக்கம் அந்த அதிகாரத்தின் கேள்வியோடு பொருந்துகிறது.

படைப்பு வரலாறு இரண்டு

தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் செடிகொடிகள், பிறகு விலங்குகள், இறுதியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பிறகு மரங்கள், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். முதல் அதிகாரத்திலேயே ஒளி முதல் நாளிலும் கதிரவன் நான்காம் நாளிலும் வருகின்றன. கதிரவன் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று ஓரிஜன் காலத்திலேயே கேட்டாகிவிட்டது.

ஆறு நாள்களையும் மும்மூன்றாக இரண்டு வரிசையில் எழுதுங்கள். ஒளிக்கு எதிரே சுடர்கள். வானம், கடல் ஆகியவற்றுக்கு எதிரே பறவைகளும் மீன்களும். நிலத்துக்கு எதிரே விலங்குகளும் மனிதரும். முதல் மூன்று நாள்களில் இடங்கள், அடுத்த மூன்று நாள்களில் அவற்றில் குடியேறுவோர். ஆகவே அது நாள்காட்டி அன்று, ஒழுங்கின் வரைபடம். இரண்டாம் அதிகாரம் வேறொன்றைக் கேட்கிறது: மண்ணால் ஆனவன் யாரோடு வாழ்வது? இறைச்சாயலில் படைக்கப்பட்டவன், களிமண்ணால் வனையப்பட்டவன் என்ற இந்த இரண்டையும் மனிதனின் இரு நிலைகளாக வாசிக்கும் வழக்கம் கிறிஸ்தவத்துக்கும் முந்தையது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபிலோ, இயேசு வாழ்ந்த அதே காலத்தில், அப்படித்தான் வாசித்தார்.

நான்கு கேள்விகள்

இடைக்கால வாசகர்கள் ஒவ்வொரு பகுதியிடமும் நான்கு கேள்விகள் கேட்டார்கள்: என்ன நடந்தது, என்ன நம்புவது, எப்படி நடப்பது, எதை எதிர்நோக்குவது. ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியான் என்ற துறவி தந்த எடுத்துக்காட்டு எருசலேம்: வரலாற்றில் அது யூதர்களின் நகரம், நம்பிக்கையில் திருச்சபை, ஒழுக்கத்தில் மனித ஆன்மா, எதிர்நோக்கில் விண்ணக நகரம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இந்த நால்வகையைத் தக்கவைத்திருக்கிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் நான்கையும் நிரப்பியே தீர வேண்டும் என்று இல்லை. வடலூர் ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகள் விலகுவதைப் பார்த்து, அவை வெறும் துணிகள் அல்ல என்று சொல்லாமலே உணர்பவர்கள் நிறைந்த மாவட்டத்தில், இந்த முறையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

கைவிட வேண்டிய விளக்கங்களை அறிவது

ஒரு விளக்கம் அழகாக இருப்பதால் மட்டும் சரியாகிவிடாது. அந்தியோக்கியாவைச் சேர்ந்த அறிஞர்கள், குறிப்பாக மோப்சுவெஸ்தியா நகர தியோடோர், உருவக விளக்கம் வரலாற்றையே கரைத்துவிடுகிறது என்று நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளிலேயே கண்டித்தார்கள். மார்ட்டின் லூத்தரும் கடுமையாகப் பேசினார். அவர்களின் அச்சம் நியாயமானது. நற்செய்தியாளர் நால்வருக்கும் மனிதன், சிங்கம், காளை, கழுகு என்னும் உருவங்களைக் கொடுக்கும் வழக்கத்தையே பாருங்கள். மாற்குவுக்குச் சிங்கம், யோவானுக்குக் கழுகு என்பது ஜெரோமின் வரிசை, ஆலயங்களில் நாம் காண்பது. இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் இரேனியு, யோவானுக்குச் சிங்கத்தையும் மாற்குவுக்குக் கழுகையும் கொடுத்திருந்தார். ஆக, குறியீடு மரபில் மாறக்கூடியது. பதினெட்டாம் நூற்றாண்டின் சுவீடன் நாட்டு மறைஞானி சுவீடன்போர்க் செய்தது போல ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலையான உட்பொருளைக் குறித்துக்கொண்டே போகும் முறையில் எனக்கு நம்பிக்கை குறைவு.

எனவே உங்கள் விளக்கத்தைச் சோதியுங்கள். அதே முறையில் எதிர்ப்பொருளையும் அவ்வளவு எளிதாகப் பெற முடிந்தால் அதை விட்டுவிடுங்கள். விளக்கம் கிடைத்த பின் வசனமே தேவையில்லை என்ற நிலை வந்தாலும் விட்டுவிடுங்கள். இறையன்புக்கோ பிறரன்புக்கோ எதிராகப் போகும் எந்தப் பொருளும் சரியான பொருளாகாது என்பது அகுஸ்தினாரின் அளவுகோல்.

இந்த அளவுகோலை மிகக் கடினமான இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதுபவன் பேறுபெற்றவன் என்கிறது திருப்பாடல் 137:9. பகைவரிடம் அன்பு கூருங்கள் என்ற மத்தேயு 5:44 இதற்கு நேர் எதிர். நம் பக்கத்தில் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கப்படும் பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கில், மனத்தில் முளைக்கும் தீய எண்ணங்களை அவை சிறியவையாக இருக்கும்போதே கிறிஸ்து என்னும் பாறையில் மோத வேண்டும் என்று இதைத் திருப்பினார். பாறை கிறிஸ்து என்பதற்கு 1 கொரிந்தியர் 10:4 சான்று. வழிபாட்டில் இந்தப் பாடலை எப்படிச் செபிப்பது என்ற கேள்விக்கு இது போதுமான விடை. ஆயினும், சொந்த நகரம் எரிவதையும் தம் பிள்ளைகள் கொல்லப்படுவதையும் கண்டு நாடு கடத்தப்பட்டவர்களின் அலறல் அது என்பதை இந்த விளக்கம் மறைத்துவிடக் கூடாது. சொற்பொருளை அழிக்காமல் அதன்மேல் நிற்பதுதான் விதி என்றால், இங்கும் அதுவே விதி.

இன்னொரு எச்சரிக்கை. ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகாரும் மனைவி சாராவும் இரண்டு உடன்படிக்கைகள் என்று கலாத்தியர் 4இல் பவுலே உருவகம் செய்கிறார். குறியீட்டு வாசிப்புக்கு விவிலியத்துக்குள்ளேயே உள்ள வலுவான சான்று அது. அதே உருவகத்தைப் பிற்காலத்தில் யூதர்களை இழிவுபடுத்தவும் கையாண்டிருக்கிறார்கள். உங்கள் விளக்கத்தில் தீய பாத்திரம் எப்போதும் பிறருக்கும் நல்ல பாத்திரம் எப்போதும் உங்களுக்கும் வருமானால், குறிப்பேட்டில் அதை அடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இனி நீங்களே செய்ய வேண்டியவை

வாரத்துக்கு ஓர் இணை போதும். மத்தேயு 5இல் மலைமேல் அமர்ந்து தரும் போதனை, லூக்கா 6இல் சமவெளியில் நின்று தரப்படுகிறது. மத்தேயுவில் மலை வேறு எங்கெல்லாம் வருகிறது, சீனாய் மலை ஏன் நினைவுக்கு வருகிறது, லூக்காவில் சமவெளியில் யாரெல்லாம் கூடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்து, மூதாதையர் பட்டியல்: யோசேப்பின் தந்தை மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மத்தேயு ஏன் மூன்று அரசர்களை விட்டுவிட்டுப் பதினான்கு பதினான்காகக் கணக்குக் காட்டுகிறார், தாவீது என்ற பெயரின் எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பும் ஏன் பதினான்கு, லூக்கா ஏன் ஆதாம் வரை போகிறார் என்பவை உங்களுக்கான கேள்விகள். மூன்றாவதாக, கோயிலைத் தூய்மைப்படுத்தியது யோவானில் தொடக்கத்திலும் மற்ற மூவரில் இறுதி வாரத்திலும் வருகிறது. ஓரிஜன் தம் யோவான் விளக்கவுரையில் நெடுநேரம் நின்று பார்த்த இடம் இது.

இந்த மூன்றையும் தனியாக எழுதி முடித்த பின் பங்கின் விவிலியக் குழுவிலோ சபையின் வேதபாட வகுப்பிலோ வாசித்துக் காட்டுங்கள். பழைய மொழிபெயர்ப்பைச் சிறுவயதிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கும் மூத்தவர்கள் அங்கே இருப்பார்கள். உங்கள் விளக்கத்துக்கு எதிரான வசனத்தை அவர்களே சட்டென்று எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வசனத்தையும் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது இணையாக, இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசின் இறப்பை எடுத்துக்கொள்ளலாம். மத்தேயு 27இன்படி அவன் தூக்கிட்டுக்கொள்கிறான், நிலத்தைத் தலைமைக் குருக்கள் வாங்குகிறார்கள். திருத்தூதர் பணிகள் 1இன்படி நிலத்தை அவனே வாங்குகிறான், தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். தாவீதைக் கைவிட்டு எதிர்ப்பக்கம் சேர்ந்த ஆலோசகன் அகித்தோபல் தூக்கிட்டுக்கொண்டதை 2 சாமுவேல் 17:23 சொல்கிறது. தாவீதின் மகன் எனப்படும் இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனுக்கு மத்தேயு அதே முடிவைச் சொல்வதில் பொருள் இருக்கிறது. திருத்தூதர் பணிகளையும் எழுதிய லூக்காவின் பக்கத்துக்கு அதே அளவு உறுதியான சான்று எதையும் நான் கண்டதில்லை. அந்தப் பாதியை வெற்றிடமாகவே விட்டுவைத்து, பக்கத்தின் மேல்மூலையில் தேதியை மட்டும் எழுதிவிட்டு அடுத்த இணைக்குப் போகலாம்.